பின் சக்கரம் எவ்வளவு சாயலாம்?

ராமநாதபுரத்தில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவனிடம் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கேட்க யார் வரப் போகிறார்கள்? என் கடைக்கு வருவதெல்லாம் ராமேஸ்வரம் போய்த் திரும்பும் டூரிஸ்ட் வேன்கள், மண்டபத்திலிருந்து மீன் ஏற்றும் குட்டியானைகள், ஒரு பக்கமாக இழுக்கும் பழைய அம்பாசிடர்கள். ஆனால் நாலு மாதம் முன்பு கீழக்கரைத் தம்பி ஒருவர் வந்தார். துபாயில் வேலை, ஒரு மாத லீவு. அங்கே பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வைத்திருக்கிறாராம். 1998க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை வண்டி. இரண்டே சீட்டு, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, என்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம்.

போனை நீட்டினார். பின் டயரின் படம். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. உள்பக்கம் ரப்பர் போய்க் கம்பி தெரிகிறது.

“அண்ணே, ரியர் கேம்பர் எவ்வளவு வைக்கணும்? ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க.”

நம்பர் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு போனால், அடுத்த டயரும் இதே கதிதான். அன்று சாயங்காலம் வரை அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய வண்டி நம் ஊரில் கிடைக்காது, சரி. ஆனால் விஷயம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

முதலில் கேம்பர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். காருக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு பின் சக்கரங்களையும் பாருங்கள். நட்டுக்குத்தலாக நின்றால் கேம்பர் பூஜ்யம். சக்கரத்தின் தலை காரை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ். தலை வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். விசைப்படகின் மேல்தளத்தில் அலைக்கு ஈடுகொடுத்து நிற்பவர் காலை அகட்டி நிற்பாரே, அதுதான் நெகட்டிவ் கேம்பரின் தோற்றம். இதை டிகிரியில் சொல்வார்கள். ஒரு டிகிரி என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 15 அங்குல ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 41 சென்டிமீட்டர் வரும். அதில் ஒரு டிகிரி சாய்வு என்றால், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 7 மில்லிமீட்டர்தான் டயரைக் காப்பாற்றவும் செய்கிறது, தின்னவும் செய்கிறது.

சக்கரம் நேராக நின்றால் போதாதா, எதற்குச் சாய வேண்டும்? தம்பி கேட்டது இதைத்தான். நான் தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியைச் சொன்னேன். அவரும் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். காற்று பாயில் அடித்ததும் படகு ஒரு பக்கம் சாயும். உடனே இரண்டு மூன்று பேர் படகுக்குக் குறுக்கே நீட்டிய பலகையில் எதிர்ப்பக்கமாக ஏறி உட்காருவார்கள். படகு நிமிரும். காற்று குறைந்தால் உள்ளே நகர்ந்து வருவார்கள். கூடினால் நுனிக்குப் போவார்கள்.

காரிலும் அதேதான். வளைவில் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன் பஸ் திரும்பும்போது நாமே ஜன்னலோரம் தள்ளப்படுவோமே, அந்தச் சாய்வு. உடம்போடு சேர்ந்து சக்கரமும் சாய்கிறது. எடை முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய்விட்ட நேரத்தில், அந்தச் சக்கரம் தன் வெளி ஓரத்தில் ஏறி நிற்கிறது. தரையைப் பிடிக்க வேண்டிய ரப்பரில் பாதி காற்றில் இருக்கிறது. இதற்குத்தான் முன்கூட்டியே சக்கரத்தை உள்ளே சாய்த்து வைக்கிறோம். வளைவில் உடம்பு சாயும்போது, சாய்த்து வைத்தது கழிந்துபோய் டயர் தட்டையாக உட்காரும்.

ஆனால் படகுக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பலகையில் உட்கார்ந்த ஆள் காற்று நின்றதும் இறங்கி வருவார். நாம் போல்ட் முறுக்கி வைத்த கேம்பர் இறங்கி வராது. நேர்ரோட்டில் போகும்போதும் அந்த ஆள் பலகை நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். காற்றே இல்லாத கடலில் ஒருவர் பலகை நுனியில் உட்கார்ந்தால் படகு என்ன ஆகும்? தப்பான பக்கம் சாய்ந்தபடி ஓடும். டயரின் உள்பக்கம் தேய்வது அதனால்தான்.

ஆகவே எவ்வளவு கேம்பர் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் கடலில் எவ்வளவு நேரம் காற்றடிக்கிறது என்பதுதான்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த ரோடு. ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல். பெரிய வளைவு என்று எதுவும் கிடையாது. கடைசியில் தூணைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வர வேண்டும். கேம்பருக்கு அந்த ரோட்டில் இருக்கும் மொத்த வேலையும் அந்த ஒரு வட்டம்தான். மற்ற நேரமெல்லாம் உள்பக்கம் தேய்வதுதான் மிச்சம். (அந்த ரோட்டில் வேகம் காட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காற்றடிக்கும் நாளில் மணல் ரோட்டின் குறுக்கே நாக்கு நாக்காக ஓடி வரும். மணலின் மேல் எந்தக் கேம்பரும் எதையும் பிடிக்காது.)

“நீங்க ஓட்டுறது இதுல எது தம்பி, ரோடா, வட்டமா?”

“வேலைக்குப் போறது நேர் ஹைவே, அண்ணே. மாசத்துக்கு ஒரு நாள் ரேஸ் டிராக்.”

பதிலில் பாதி அங்கேயே வந்துவிட்டது.

இப்போது கொஞ்சம் கணக்கு. வளைவில் காரின் உடம்பு 3 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். சக்கரத்தை உடம்போடு இணைக்கும் சஸ்பென்ஷன் எதுவும் செய்யாவிட்டால் வெளிப்பக்கச் சக்கரமும் 3 டிகிரி வெளியே சாயும். ஆனால் எம்எக்ஸ்-5இல் இருப்பது டபுள் விஷ்போன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மேல்கை குட்டை, கீழ்கை நெட்டை. சக்கரம் மேலே ஏறும்போது குட்டைக் கை சக்கரத்தின் தலையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகையில் இருக்கும் ஆள் காற்றைப் பார்த்துத் தானாக நகர்வது போலத்தான் இதுவும். உதாரணத்துக்கு, சாய்வில் பாதியை அது சரிசெய்துவிடுகிறது என்றால், மிச்சம் 1.5 டிகிரி. நின்ற நிலையில் 1.5 டிகிரி நெகட்டிவ் வைத்திருந்தால் வளைவில் சக்கரம் நிமிர்ந்துவிடும். டயரின் பக்கச்சுவர் பக்கவாட்டில் கொஞ்சம் மடங்கும், அதற்காக இன்னும் ஒரு கால் டிகிரியோ அரை டிகிரியோ சேர்க்கலாம். உள்பக்கச் சக்கரம் இந்த நேரத்தில் தப்பாகத்தான் சாய்ந்திருக்கும். அதன் மேல் எடை குறைவு என்பதால் விட்டுவிடலாம்.

எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் பின் சக்கரங்களை ஒரே வளைந்த உத்திரம் இணைக்கும். கேம்பர் கம்பெனி வைத்ததுதான், நாம் மாற்ற அதில் போல்ட்டே கிடையாது. லாரியிலும் அம்பாசிடரிலும் இருப்பது ஒரே இரும்பு ஆக்ஸில். உடம்பு எவ்வளவு சாய்ந்தாலும் சக்கரம் அசராது.

இதற்கு நேரெதிர் ஒன்றும் நம் சென்னையிலேயே உற்பத்தியானது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961இல் இங்கே வந்த வண்டி. அதன் பின் ஆக்ஸில் நடுவில் மட்டும் மூட்டு வைத்து, இரண்டு பக்கமும் சிறகு போல ஏறி இறங்கும். சக்கரம் ஏறினால் கேம்பர் ஒரு பக்கம் ஓடும், இறங்கினால் மறுபக்கம் ஓடும். ஹெரால்டின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். ஆடு முட்டி மடக்குவது மாதிரி இருக்கும். வேகமாக வளைவில் போய், பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும். உடனே வெளிச்சக்கரம் இப்படி மடங்கப் பார்க்கும். அதற்கு மேல் பிடிப்பு எங்கே இருக்கும்? பிறகு வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் இதை எடுத்துவிட்டு ஒரே ஆக்ஸிலாகப் போட்டார்கள். மெக்கானிக்குகள் நிம்மதியடைந்தார்கள். ஹெரால்டை நான் சொல்வதற்குக் காரணம், கேம்பர் என்பது அலைன்மென்ட் மெஷினின் பிரின்ட் அவுட்டில் வரும் ஒற்றை நம்பர் இல்லை என்பதுதான். வண்டி நிற்கும்போது ஒன்று, அமுங்கும்போது ஒன்று, எழும்பும்போது ஒன்று. நாம் வைப்பது நிற்கும்போது உள்ளதை மட்டும்தான்.

இனி பின் சக்கரத்துக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். முன் சக்கரம் பிடி விட்டால் கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் சக்கரம் பிடி விட்டால் வண்டி பம்பரம். அதனால் பின்பக்கப் பிடிப்பை முதலில் உறுதி செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பின் நெகட்டிவ் கேம்பரை ஓரளவு கூட்டினால் வளைவில் பின்பக்கம் கெட்டியாக உட்காரும், மூக்கு கொஞ்சம் வெளியே போகும். குறைத்தால் வால் லேசாகும். அதனால்தான் பல இலகு ஸ்போர்ட்ஸ் கார்களில் சாலைக்கான அமைப்பில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நெகட்டிவ் கூடுதலாக இருக்கும். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோதான். என்ஜின் நடுவில், அதாவது சீட்டுக்குப் பின்னால். கம்பெனி அதற்கு முன்னால் ஏறக்குறைய பூஜ்யமும் பின்னால் 1.8 டிகிரி நெகட்டிவும் வைத்தது. தம்பியின் வண்டி மாதிரியான எம்எக்ஸ்-5க்கு ரோட்டில் ஓட்டுபவர்கள் வழக்கமாக வைப்பது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றரை.

“அப்ப ரெண்டரை வச்சா இன்னும் நல்லாப் பிடிக்குமா?”

இல்லை. பிடிப்பு ஓரளவு வரை ஏறும், அப்புறம் இறங்கும். உப்பு மாதிரிதான். அதோடு பின் சக்கரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, தள்ளுவது. வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கும். அமுங்கினால் டபுள் விஷ்போன் நெகட்டிவை இன்னும் கூட்டும். ஏற்கனவே இரண்டரை, அமுங்கியதில் இன்னும் அரை என்றால், முழுப் பலமும் தேவைப்படும் நேரத்தில் டயர் உள் ஓரத்தில் நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் தட்டையாக உட்கார்ந்த டயர்தான் நன்றாகப் பிடிக்கும்.

எடை குறைந்த வண்டி என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரிய பெரிய நம்பர்கள் பல, ஆயிரத்து ஐந்நூறு கிலோ வண்டிகளில் ரேஸ் டயர் போட்டு ஓட்டுபவர்களுடையவை. அந்த எடையில் டயர் நசுங்கிப் புரளும். அதற்கு அவ்வளவு சாய்வு தேவைப்படலாம். இலகுவான, தாழ்வான வண்டி குறைவாகத்தான் சாயும். டயரையும் குறைவாகத்தான் கசக்கும். சூடும் மெதுவாகத்தான் ஏறும். அதனால் குறைவான கேம்பரே போதும். கூடுதலாக வைத்தால் சூடு முழுக்க உள் ஓரத்தில் மட்டும் தங்கி, மிச்ச ரப்பர் பச்சையாகவே இருக்கும். டயர் அகலமாக அகலமாக இது இன்னும் மோசம். அகலமான பலகையைத் தூக்கிப் பிடித்தால் ஒரு ஓரம்தானே தரையில் இருக்கும்? ஒல்லி டயர் கொஞ்சம் மன்னிக்கும்.

இன்னொன்று, ஓட்டுபவரின் எடை. 75 கிலோ ஆள் ஒரு லாரிக்குப் பொருட்டில்லை. 750 கிலோ காருக்கு அவர் பத்தில் ஒரு பங்கு. அவர் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும், கேம்பர் மாறும். வெறும் வண்டியில் இரண்டு பக்கமும் சரியாக வைத்துவிட்டு, ஆள் ஏறியதும் ஒரு பக்கம் கூடிப்போவது இலகு வண்டிகளில் சகஜம். நான் தம்பியிடம் சொன்னது, அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டும் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை வையுங்கள் என்று. சிரித்தார். ஆனால் ரேஸ் டீம்கள் செய்வதும் அதுதான், மூட்டை மட்டும் வேறு.

இப்போது அவருடைய டயருக்கு வருவோம். அங்கே ஒரு கடையில் எடுத்த பிரின்ட் அவுட்டும் போனில் இருந்தது. பின் கேம்பர் இடது 2.6 நெகட்டிவ், வலது 2.4 நெகட்டிவ். “இவ்வளவு யார் வைக்கச் சொன்னது?” என்றேன். யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் முன்பு தாழ்வான ஸ்பிரிங் போட்டிருக்கிறார். வண்டி தாழ்ந்ததும் குட்டைக் கை தன் வேலையைச் செய்து சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டது. பலர் பெருமையாகச் சொல்லும் கேம்பர் நம்பர்கள் இப்படித் தானாக வந்து சேர்ந்தவைதான். தேர்ந்தெடுத்தவை இல்லை.

ஆனால் கம்பி தெரியும் அளவுக்கு டயர் போனதற்குக் கேம்பர் மட்டும் காரணமில்லை. பிரின்ட் அவுட்டில் அதற்குக் கீழே இருந்த வரிதான் திருடன். டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்கு ஒன்றையொன்று நோக்கி உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். அவருடைய பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் கால் டிகிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. கால் டிகிரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. தினமும் 50 கிலோமீட்டர் என்றால் 200 மீட்டருக்கு மேல், தாரில் வைத்து இழுத்த மாதிரி. கேம்பர் எடையை உள் ஓரத்தில் ஏற்றிவைத்தது, டோ அந்த ஓரத்தை அரத்தில் வைத்து ராவியது. பின் சக்கரத்தில் டோ-அவுட் வெறும் டயர்ச் செலவு மட்டும் இல்லை, வால் நிலையில்லாமல் அலையும். “ஹைவேல லேன் மாறும்போது பின்னாடி ஒரு மாதிரி நெளியுதுண்ணே” என்று அவரே சொன்னார்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேம்பர், பிறகு டோ, பிறகு மறுபடி கேம்பர் சரிபார்க்க வேண்டும். பின் டோ ஒவ்வொரு பக்கமும் 0.1 டிகிரி அளவில் உள்ளே பார்க்கட்டும். வெளியே மட்டும் போகவே கூடாது.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதும் முக்கியம். டீக்கடை மேசையில் ஒரு ரூபாய்க் காசை உருட்டிக் காட்டினேன். நேராக உருளும் காசு நேராகப் போகும். சாய்ந்ததும் சாய்ந்த பக்கமே வளைந்து போகும். சாய்ந்த சக்கரமும் அப்படியே சாய்ந்த பக்கம் தள்ளும். இரண்டு பின் சக்கரங்களும் உள்ளே சாய்ந்திருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சமமாகிவிடும். ஒன்று 2 டிகிரி, மற்றது 1 டிகிரி என்றால் சமமாகாது. சமமாக இருந்தாலும், ஒரு சக்கரம் பள்ளத்திலோ மணலிலோ பிடியை இழக்கும் நொடியில் மற்றது தள்ளிவிடும். கேம்பர் கூடக் கூட இந்த உதறலும் கூடும். இடவலம் வித்தியாசம் கால் டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

மெஷின் இல்லாமல் வீட்டிலேயே அளக்கலாமா? தாராளமாக அளக்கலாம். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். தரை மட்டமாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு ட்ரான்ஸ்பரன்ட் குழாயில் தண்ணீர் விட்டு நாலு சக்கரத்தடியிலும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடோ ஓடோ வையுங்கள். காற்று சரியாக இருக்கட்டும். ஜாக்கி போட்டு இறக்கிய வண்டியை அப்படியே அளக்காதீர்கள். சக்கரம் உள்வாங்கியபடி நிற்கும். முன்னும் பின்னும் நாலடி உருட்டி, பின்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கி விடுங்கள். சீட்டில் மூட்டை. பிறகு சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு குச்சியை நீட்டிக் கட்டி, டயரின் பிதுக்கத்தில் முட்டாதபடி குண்டைத் தொங்க விட்டு, கயிற்றிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 15 அங்குல ரிம்மில் மேலே 11 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் ஒன்றரை டிகிரி நெகட்டிவ். காற்றடிக்கும் நேரத்தில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும், அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நின்றுவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் எங்கள் கடை வாசலில் வேறு வழியே கிடையாது.

மாற்றுவது எப்படி என்பது வண்டிக்கு வண்டி வேறு. எலிஸில் மெல்லிய தகடுகளை, ஷிம் என்பார்கள், எடுத்தும் சேர்த்தும் மாற்ற வேண்டும். எம்எக்ஸ்-5இல் பின் கீழ்கையின் உள்முனையில், தலை மையம் தவறிய போல்ட்டுகள் இருக்கும். திருப்பினால் கை உள்ளேயும் வெளியேயும் நகரும். கேட்பதற்கு இது சுலபம். கடற்கரை ஊரில் அப்படி இல்லை. உப்புக்காற்றில் அந்தப் போல்ட், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் போல்ட் திரும்புகிற மாதிரி இருக்கும், ஆனால் புஷ் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ராமேஸ்வரத்து வண்டி ஒன்றில் இப்படிப்பட்ட ஒரு போல்ட்டை எடுக்க மூன்று மணி நேரம் ஆனது எனக்கு. டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, கடைசியில் கிரைண்டரில் அறுத்துத்தான் வெளியே வந்தது. தம்பி வேலை செய்யும் துபாயும் கடலோரம். அங்கே இருந்த கடைக்காரர் பிரின்ட் அவுட்டில் சிவப்பாக வந்ததைக் காட்டிவிட்டு “அட்ஜஸ்ட் ஆகாது” என்று அனுப்பியதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றேன். புது போல்ட், புது புஷ், மாட்டும்போது உள்ளே நன்றாக கிரீஸ். நம்பர் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இது.

சரி, நம்பர். ஹைவேயே கதி என்று ஓடும் இலகு வண்டிக்குப் பின்னால் 1 டிகிரி நெகட்டிவ் போதும். ஹைவேயும் மாதம் ஒரு நாள் டிராக்கும் என்றால் 1.5. டிராக்கிலேயே வாழ்கிறவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வாரா வாரம் ஓட்டுகிறவர் என்றால், ரோடு டயரில் 2இல் ஆரம்பிக்கலாம். இதெல்லாம் ஆரம்பப் புள்ளிதான். அதற்கு மேல் டயரே சொல்லும்.

டயர் சொல்வதைக் கேட்க இரண்டு வழி. ரோட்டில், சாக்பீஸால் டயரின் குறுக்கே ஓரம் முதல் ஓரம் வரை தடிமனாக ஒரு கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். உள்பக்கம் அழிந்து வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் கேம்பர் கூடுதல். இரண்டு ஓரமும் நின்று நடு மட்டும் அழிந்தால் அது கேம்பர் இல்லை, காற்று அதிகம். டிராக்கில் என்றால் சூடு. நாலைந்து சுற்று நன்றாக ஓட்டிவிட்டு, ஆற விடாமல் நேரே பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்து, ரப்பருக்குள் குத்தும் ஊசி வெப்பமானியால் உள், நடு, வெளி என்று மூன்று இடம். உதாரணத்துக்கு உள் 82, நடு 79, வெளி 75 என்று வந்தால் கை வைக்காதீர்கள். உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் முறை. உள் 95, வெளி 70 என்றால் அரை டிகிரி குறையுங்கள். வெளி ஓரம் உள்ளதைவிடச் சூடாக இருந்தால் கூட்டுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் வெப்பமானியை நான் அவ்வளவு நம்புவதில்லை. அது மேல்தோலை மட்டும் பார்க்கும், மேல்தோல் பிட்டுக்கு வரும் நேர்ரோட்டிலேயே ஆறிவிடும், உள் ஓரம் மட்டும் சூடாகக் காட்டி ஏமாற்றும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேம்பர், டயர் காற்று, ஸ்பிரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு “இப்ப நல்லா இருக்கு” என்று வருபவர்களிடம் எது நல்லது செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

தம்பி துபாய்க்குத் திரும்பிப் போய்ப் போல்ட் மாற்றிவிட்டார். பின்னால் 1.5, 1.4. டோ உள்ளே 0.1. மூட்டைக்குப் பதிலாகத் தானே சீட்டில் உட்கார்ந்துகொண்டாராம். போல்ட் தலையிலிருந்து அது உட்காரும் இரும்புச் சட்டம் வரை ஒரே கோடாக வெள்ளை பெயின்ட் இழுத்து வைக்கச் சொல்லியிருந்தேன், போல்ட் நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். போன வாரம் மூவாயிரம் கிலோமீட்டர் முடிந்து படம் அனுப்பினார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்த படம். பெயின்ட்டின் மேல் லேசாக உப்புப் பூத்திருந்தது. கோடு உடையவில்லை.